தெரிந்த பொருளுக்கு இன்னொரு பெயர்



எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

1976-ஆம் ஆண்டு அது. பள்ளியிறுதி வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பக்கத்து நகரத்துக் கல்லூரியில் புதுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில். வேதியியல் செய்முறை வகுப்பில் ஆளுக்கு ஓர் உப்பைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உப்புக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில துளி சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டேன். சோதனைக் குழாயில் வெள்ளையாக, தயிர் போலத் திரண்டு ஏதோ ஒன்று அடியில் இறங்கியது. குளோரைடு என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. மகிழ்ச்சி தாங்கவில்லை.

அப்போது விரிவுரையாளர் என் மேசைக்கு வந்தார். பிரெசிபிடேட்டின் நிறம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் விழித்தேன். மறுபடியும் கேட்டார். 'பிரெசிபிடேட்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். பக்கத்து மேசையில் நின்ற மாணவன் "ஒயிட், சார்" என்றான். அவனுடைய குழாயில் ஒன்றுமே படிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். நான் சோதனையைச் செய்யவே இல்லை என்று எண்ணிய விரிவுரையாளர், என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அன்று மாலை நூலகத்திற்குச் சென்று ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினேன். தலைகீழாகத் தள்ளு என்று ஒரு பொருள் இருந்தது. முன்பின் யோசியாத, அவசரப்பட்ட என்று மற்றொரு பொருள் இருந்தது. அவற்றுக்குக் கீழேதான் 'வீழ்படிவு' என்று போட்டிருந்தது.

வீழ்படிவு! பள்ளியில் எத்தனையோ முறை நான் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் பெற்ற சொல்! காலையில் என் கையிலிருந்த குழாயில் கண்முன்னே நின்றது அதுதான். பொருள் என்னிடம் இருந்தது. அதன் இன்னொரு பெயர் மட்டும் என்னிடம் இல்லை. அந்த ஒரு குறைக்காக, ஒன்றுமே தெரியாதவனாக நான் நின்றேன்.

பிற்காலத்தில் நானும் ஆசிரியனானேன். நான் நின்றது போலவே பல மாணவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டேன். அவர்களில் சிலர் அந்த வெட்கத்தினாலேயே படிப்பில் ஆர்வம் இழந்தார்கள். "எனக்கு ஆங்கிலம் வராது, அதனால் அறிவியலும் வராது" என்று தாமே முடிவு கட்டிவிட்டார்கள். இது தவறான முடிவு. ஆங்கிலச் சொல்வளத்தைத் தனியாக இருந்து, பெருஞ்செலவில்லாமல், நீங்களே வளர்த்துக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் வழி சரியான வழி அன்று என்பது என் கருத்து.

மனப்பாடப் பட்டியல்

வழக்கமாகச் சொல்லும் வழி என்ன? "தினமும் அகராதியில் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்" என்பார்கள். முப்பதே நாட்களில் ஆங்கில மேதையாக்குவதாக அட்டையிலேயே வாக்களிக்கும் புத்தகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. மாணவர் ஆர்வத்தோடு தொடங்குவார். முதல் வாரம் எழுபது சொற்கள். இரண்டாம் வாரம் தொடங்கும்போது முதல் வாரச் சொற்களில் பாதி மறந்திருக்கும். மூன்றாம் வாரம் அகராதி அலமாரிக்குத் திரும்பிவிடும். கூடவே, "என் ஞாபகசக்தி மோசம்" என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

குறை ஞாபகசக்தியில் இல்லை. ஜெர்மன் நாட்டு உளவியல் அறிஞர் ஹெர்மான் எபிங்ஹாஸ், நினைவாற்றலைப் பற்றித் தம் மீதே நடத்திய சோதனைகளை 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை அவர் தாமே உண்டாக்கிக்கொண்டு, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தார். படித்து முடித்த முதல் சில மணி நேரத்திலேயே மறதி மிக வேகமாக நிகழ்ந்தது. பிறகு அதன் வேகம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் ஓர் ஆங்கிலக் கவிதையின் பகுதிகளையும் மனப்பாடம் செய்தார். பொருளுள்ள அந்த வரிகளைக் கற்க, பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? முன்பின் தெரியாத சொற்களை அகரவரிசையில் அடுக்கி நெட்டுருப் போடும் மாணவர், ஏறக்குறைய எபிங்ஹாஸின் பொருளற்ற அசைகளையே நெட்டுருப் போடுகிறார். பத்துப் பங்கு உழைத்து ஒரு பங்கு பலன் பெறுகிறார். ஆகவே சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தேடுங்கள். நான் சொல்ல வந்த கருத்து இதுதான்.

எங்கே தொடங்குவது?

தெரிந்த பொருள்கள் உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களில் வரும் கலைச்சொற்கள் மட்டுமே பல நூறு தேறும். அடர்த்தி, முடுக்கம், உந்தம், ஆவியாதல், வினையூக்கி, திசு, நொதி, மரபணு ஆகிய சொற்கள் உங்களுக்கு வெறும் ஒலிகள் அல்ல. அவற்றுக்கு வரையறை சொல்வீர்கள், படம் வரைவீர்கள், கணக்குப் போடுவீர்கள். பல பாடநூல்களின் இறுதியில் கலைச்சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களும் பட்டியலாகத் தரப்பட்டுள்ளன. பெரும்பாலான மாணவர்கள் திறந்தே பார்க்காத பக்கம் அது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கும் எந்தச் சொற்பட்டியலையும் விட அந்தப் பக்கம் உங்களுக்கு மதிப்புடையது. ஏனெனில் அதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. தமிழ்க் கலைச்சொற்களில் பல, ஆங்கிலச் சொல் கட்டப்பட்ட அதே முறையில் கட்டப்பட்டவை. ஆங்கில அறிவியல் சொற்களின் உறுப்புகள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. 'டெலி' என்றால் தொலை. 'ஸ்கோப்' என்றால் நோக்கும் கருவி. ஆகவே டெலஸ்கோப் தொலைநோக்கி. 'மைக்ரோ' என்றால் நுண்மை, மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளக்கும் கருவி, அதாவது மானி, தெர்மாமீட்டர் வெப்பமானி. 'ஃபோட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை, ஃபோட்டோசிந்தசிஸ் ஒளிச்சேர்க்கை. 'பயோ' உயிர், 'லஜி' இயல், பயாலஜி உயிரியல். பூட்டும் சாவியும் போல எப்படிப் பொருந்துகின்றன, பாருங்கள்!

ஓர் உறுப்பைத் தெரிந்துகொண்டால் அது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'ஐசோ' என்றால் சமம். வடிவியலில் ஐசோசெலஸ் முக்கோணம் படித்திருப்பீர்கள். சமமான கால்களை உடையது என்பது அதன் நேர்ப்பொருள். நாம் அதை இருசமபக்க முக்கோணம் என்கிறோம். புவியியல் வரைபடத்தில் ஐசோபார் என்பது சம அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. ஐசோதெர்ம் என்பது சம வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் கோடு. கணிதத்தில் ஒன்று, புவியியலில் இரண்டு. மூன்றுக்கும் வேர் ஒன்றே.

என்னை அன்று தலைகுனிய வைத்த 'பிரெசிபிடேட்' என்ற சொல்லுக்கே வருவோம். லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. தலை முன்னே செல்லும்படி, அதாவது தலைகுப்புற விழுவதுதான் இச்சொல்லின் ஆதிப் பொருள். யோசனையில்லாமல் தலைகுப்புறப் பாய்வதால் அவசரக்காரனுக்கும் அச்சொல் பொருந்தியது. கரைசலிலிருந்து பிரிந்து அடியில் விழுவதால் வீழ்படிவுக்கும் பொருந்தியது. வானிலிருந்து விழுவதால் மழைப்பொழிவுக்கும் பொருந்தியது. அகராதியில் என்னைக் குழப்பிய பொருள்கள் எல்லாம் 'விழுதல்' என்ற ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. நம்முடைய சொல்லிலும் 'வீழ்' என்பது முன்னே நிற்கிறது! அதே 'கபுட்' என்ற வேரிலிருந்துதான் 'கேப்டன்', 'கேபிடல்' என்பவையும் வந்தன. தலைவன், தலைநகர் என்று நாமும் தலையை வைத்தே சொல்கிறோம் அல்லவா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேர் நமக்குத் துப்புத்தான் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது. 'ஆக்சிஜன்' என்றால் அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கும் என்று கருதிய பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் அப்படிப் பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று பின்னர் தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 'ஆட்டம்' என்றால் பிளக்க முடியாதது. அணுவினுள்ளும் துகள்கள் உண்டு என்பதை 1897-இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே.தாம்சனின் ஆய்வு காட்டிவிட்டது. ஒலியும் நம்மை ஏமாற்றலாம். 'ஹைட்ரோ' என்றால் நீர். 'ஹைக்ரோ' என்றால் ஈரம். ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை அறிய உதவும் திரவமானி. ஹைக்ரோமீட்டர் காற்றிலுள்ள ஈரப்பதத்தை அளக்கும் கருவி. ஆகவே வேரை வைத்து ஊகியுங்கள்; பிறகு அகராதியில் சரிபாருங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

கிரேக்கமும் லத்தீனும் நமக்கு எட்டுமா என்று மலைக்க வேண்டாம். மின்னாற்பகுப்பில் நீங்கள் படிக்கும் எலெக்ட்ரோட், ஆனோட், கேதோட், அயனி முதலிய பெயர்களை 1834-இல் வழக்கிற்குக் கொண்டுவந்த மைக்கேல் ஃபாரடேக்குக் கிரேக்கம் தெரியாது. லண்டனில் கொல்லனின் மகனாகப் பிறந்தவர். பள்ளியில் எழுதப் படிக்கவும் சிறிது கணக்கும் மட்டுமே கற்றவர். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்து அறிவியலில் நாட்டம் கொண்டார். தாம் கண்ட புதிய உண்மைகளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, தெரிந்தவர்களிடம் தயங்காமல் கேட்டார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல் முதலியோர் உதவினர். பொருள் ஃபாரடேயின் கையில் இருந்தது. பெயரை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கேட்டதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் அன்று ஆய்வகத்தில் கேட்காமல் நின்றதுதான் வெட்கம்.

சின்னச் சொற்களின் தொல்லை

நீளமான சொற்களைக் கண்டு மாணவர்கள் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் நீளமான சொற்கள் சாதுவானவை. அவை பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் தரும். தொல்லை தருபவை சின்னச் சொற்களே.

'செல்' என்ற சொல்லைப் பாருங்கள். உயிரியலில் அது உயிரணு, இயற்பியலில் மின்கலம், வேறிடத்தில் சிறைச்சாலையின் அறை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்துச் சிறு சிறு அறைகளைக் கண்டபோது வைத்த பெயர் அது. 'பேஸ்' என்பது வேதியியலில் காரம், முக்கோணத்தில் அடிப்பக்கம். 'சொல்யூஷன்' என்பது ஆய்வகத்தில் கரைசல். கணித வகுப்பில் தீர்வு. 'வொர்க்' என்பது வீட்டில் வேலை எதுவானாலும் சரி; இயற்பியலிலோ விசை செயல்படும் திசையில் இடப்பெயர்ச்சி நிகழ்ந்தால்தான் வேலை. தலையில் மூட்டையைச் சுமந்து அசையாமல் நிற்பவர் மூட்டையின் மீது எந்த வேலையும் செய்யவில்லை என்று இயற்பியல் சொல்லும். சுமப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார்!

'ஸ்ட்ராங்' என்ற சாதாரணச் சொல்லை எத்தனையோ பேர் தவறாகக் கையாள்கிறார்கள். ஸ்ட்ராங் அமிலம் என்றால் வலிமை மிகுந்த அமிலம். நீரில் ஏறத்தாழ முழுவதும் அயனிகளாகப் பிரிவது. அடர் அமிலத்திற்குப் பெயர் 'கான்சென்ட்ரேட்டட்'. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தாலும் அது வலிமை மிகுந்த அமிலம் என்ற வகையிலேயே இருக்கும். தமிழில் வலிமை வேறு, அடர்வு வேறு என்று தெளிவாகப் படித்த மாணவருக்கு இந்தக் குழப்பம் வரக்கூடாது. ஆங்கிலப் பெயர்களை அவற்றுக்குரிய தமிழ்ச் சொல்லோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டால் போதும்.

ஆங்கிலம் படிக்க எத்தனை சொற்கள் வேண்டும் என்று கேட்பீர்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் அக்காலத்து வங்காளத்தில் டாக்கா நகரில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தாய்மொழி வேறாக உள்ள மாணவருக்கு எந்தச் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பதில் அக்கறை கொண்டவர். அவர் தொகுத்து 1953-இல் வெளிவந்த பட்டியலில் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில உரைநடையில் வரும் சொற்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இவற்றுக்குள் அடங்கிவிடும். அரிய சொற்களைத் தேடி ஓடுவதைவிட, இந்தச் சின்னச் சொற்களைத் திடமாக்கிக்கொண்டு, அவற்றோடு நம் பாடத்திற்குரிய சொற்களைச் சேர்த்துக்கொள்வதே முறை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஐந்து அறைப் பெட்டி

இனிச் செயல்முறைக்கு வருவோம். வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ்கள் கிடக்கும். அவற்றின் எழுதாத பக்கம் கெட்டியாகவும் வெண்மையாகவும் இருக்கும். அவற்றைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சீட்டின் எழுதாத பக்கத்தின் மேல்பாதியில் தமிழ்ப் பெயர். கீழ்ப்பாதியில் ஆங்கிலப் பெயர், அதன் வேர், அச்சொல்லை வைத்து நீங்களே எழுதிய ஒரு சிறு ஆங்கில வாக்கியம். கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் பார்த்து, ஆங்கிலப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுத்துப் பிழையின்றி எழுதுங்கள். பிறகுதான் மறைத்ததைத் திறக்க வேண்டும். பார்த்துக்கொண்டே பத்து முறை படிப்பதைவிட, பாராமல் ஒரு முறை நினைவுக்குக் கொண்டுவர முயல்வதே அதிகப் பயன் தரும்.

ஒரு காலணிப் பெட்டியை அட்டை வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதிய சீட்டுகள் முதல் அறையில் இருக்கட்டும். அவற்றை நாள்தோறும் சோதியுங்கள். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும். அதை இரண்டு நாட்களுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மூன்றாம் அறைக்கு நான்கு நாட்கள், நான்காம் அறைக்கு ஒரு வாரம், ஐந்தாம் அறைக்கு ஒரு மாதம் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும். எந்த அறையிலிருந்தாலும் தவறிய சீட்டு முதல் அறைக்கே திரும்பிவிட வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலின் வாயிலாகப் பரவிய முறை இது. இதன் அடிப்படை எபிங்ஹாஸ் கண்டதுதான். ஒரே நாளில் மொத்தமாகப் படிப்பதைவிட, நாட்களுக்கிடையே பகிர்ந்து படிப்பது நினைவில் நிற்கிறது. தெரிந்த சொல்லில் நேரம் வீணாவதில்லை; தெரியாத சொல் தப்பித்துக்கொள்வதும் இல்லை.

நாளொன்றுக்கு மூன்று புதிய சொற்கள் போதும். பேராசை வேண்டாம். மூன்று வீதம் ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. அவற்றில் சில நழுவினாலும், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொற்கள் உங்கள் வசமாகிவிடும்.

அச்சகத்துச் சிறுவன்

பெட்டியிலுள்ள சொற்கள் வாக்கியத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மின்னூட்டத்திற்கு நேர், எதிர் என்ற பெயர்களைப் பரப்பிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் சுயசரிதையில் அதை விவரித்திருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியான அவரும் சொல்வளம் போதாமல் வருந்தினார் என்பது நமக்கு ஆறுதலான செய்தி!

1706-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த அவர், பத்து வயதோடு பள்ளியை விட்டவர். பன்னிரண்டாம் வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இதழின் தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. அதில் பிடித்த கட்டுரையைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார். சில நாட்கள் கழித்து, குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தம் சொற்களில் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்துவார். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவிலும் விடியற்காலையிலும் இப்பயிற்சியைச் செய்தார்.

நாம் இதைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் தமிழ்வழி அறிவியல் நூலில் நன்றாகப் புரிந்த ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பாடத்தின் ஆங்கிலவழி நூலை நண்பரிடம் இரவல் வாங்குங்கள். தமிழ்ப் பத்தியைப் படித்து, ஐந்தே வரிகளில் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு ஆங்கில நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். எங்கெங்கே சொல் கிடைக்காமல் திண்டாடினீர்களோ, அங்கே உள்ள சொல் உங்கள் கண்ணில் தானாகப் பளிச்சென்று படும். பசித்தவனுக்குக் கிடைத்த சோறு போல அச்சொல் உடலில் ஒட்டும். வாரத்திற்கு ஒரு பத்தி போதும்.

சில ஐயங்கள்

"இப்போது கைப்பேசியைத் தட்டினால் எந்தச் சொல்லுக்கும் பொருள் வந்துவிடுகிறதே, எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்கலாம். நல்ல கருவிதான், பயன்படுத்துங்கள். உச்சரிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட எளிய துணை வேறில்லை. ஆனால் வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்தில் முப்பது சொற்களுக்குக் கைப்பேசியைத் தேட முடியாது. அதற்குள் பாடம் ஓடிவிடும். மேலும், 'செல்' என்று தட்டினால் உயிரணுவா, மின்கலமா, சிறை அறையா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். பொருளை அறிந்தவருக்குத்தான் அகராதி உதவும். அன்று நூலகத்தில் எனக்கு உதவியதும், வீழ்படிவு இன்னதென்று முன்பே தெரிந்திருந்ததால்தான்.

"ஆங்கிலவழியில் படித்தவர்களை எட்டிப் பிடிக்க முடியுமா?" என்று பலர் ஏங்குகிறார்கள். பக்கத்து மேசை மாணவனை நினைத்துப் பாருங்கள். அவனிடம் பெயர் இருந்தது. குழாயில் பொருள் இல்லை. பெயரைச் சேர்த்துக்கொள்வது எளிது; பொருளைச் சேர்த்துக்கொள்வதுதான் கடினம். கடினமான பாதியை நீங்கள் தாய்மொழியில் முடித்திருக்கிறீர்கள். ஆங்கிலவழியில் படிக்கும் மாணவர்களுக்கும் இதையே திருப்பிச் சொல்வேன். நீங்கள் நெட்டுருப் போட்ட பெயருக்குத் தமிழில் என்ன பெயர், வீட்டில் பாட்டிக்குப் புரியும்படி அதைச் சொல்ல முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால், உங்களிடம் இருப்பதும் பாதிதான்.

"அப்படியானால் ஆங்கிலம் உயர்ந்த மொழியா?" என்று சினந்து கேட்பவர்களும் உண்டு. ஒரு மொழியால் உயர்வு தாழ்வு வருவதில்லை. இன்று அறிவியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. ஆகவே அந்தக் கதவின் சாவி நமக்கு வேண்டும். ஆங்கிலமும் பிற மொழிகளிடம் கைநீட்டித்தான் வளர்ந்தது. நம் கட்டுமரத்தை எடுத்து 'கேட்டமரான்' என்றது. நம் சுருட்டை 'செரூட்' என்றது. மோஸ் கடினத்தன்மை அளவையில் வைரத்திற்கு அடுத்து 9 என்ற இடத்தில் இருக்கும் கனிமத்திற்கு 'கொரண்டம்' என்ற பெயர், நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. வாங்குவதில் அதற்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

நான் ஆய்வகத்தில் ஆசிரியனாக நின்ற காலமெல்லாம் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தேன். மாணவர் பதில் சொல்லாமல் விழித்தால் கேள்வியைத் தமிழில் ஒரு முறை கேட்பேன். பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். பிறகு, "இதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது, எழுதிக்கொள்" என்று ஆங்கிலப் பெயரைச் சொல்வேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் எல்லா ஆய்வகங்களிலும் உங்களுக்கு அப்படி ஒருவர் அமைவார் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த இன்னொரு பெயரை நீங்களே முன்கூட்டித் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவே தொடங்குங்கள். இன்று வகுப்பில் நடந்த அறிவியல் பாடத்திலிருந்து, உங்களுக்கு நன்றாகப் புரிந்த மூன்று சொற்களை எடுங்கள். மூன்று சீட்டுகளில் எழுதுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், முதல் சீட்டில் 'வீழ்படிவு' என்றே எழுதுங்கள்.